சோறு போட்டு மறக்கடித்த புழு

பூச்சியைப் பூச்சியால் அடக்கிய வெற்றிக் கதைகள் ஒரு கட்டத்தில் எனக்கு அலுத்துப்போயின. மனதில் நின்றது ஒரு தோல்விதான்.

1952ல் டாஸ்மேனியாவில் ஹோபார்ட் அருகே சைரெக்ஸ் என்ற ஐரோப்பிய மரக்குளவி தென்பட்டது. பெண் குளவி பைன் மரத்தைத் துளைத்து முட்டையோடு நச்சுக்கோழையையும் ஒரு பூஞ்சையையும் உள்ளே செலுத்தும். மரம் செத்துப்போகும். பூஞ்சை ஏறிய கட்டையில் லார்வா வளரும்.

இந்தக் குளவிக்கு எமன் ஒரு சின்னஞ்சிறு நூற்புழு. 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ராபின் பெடிங் அதன் இரட்டை வாழ்க்கையைக் கண்டுபிடித்தார். பூஞ்சையை மட்டும் தின்றபடி தலைமுறை தலைமுறையாக அது பெருகும். குளவி லார்வா பக்கத்தில் இருந்தால் வேறு வடிவப் பெண்புழுக்கள் உருவாகி அதன் உடம்புக்குள் நுழையும். கடைசியில் குஞ்சுப்புழுக்கள் குளவியின் முட்டைகளுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பாவம், அந்தக் குளவி முட்டையிடுவதாக நினைத்து அடுத்த மரத்துக்குப் புழுக்களைச் சுமந்துகொண்டு போகும்!

அப்புறம் என்ன, வேலை சுலபம். குடுவையில் தானியம், அதில் பூஞ்சை, அதில் புழு. லட்சக்கணக்கில் வளர்த்து மரத்தில் ஓட்டை போட்டுச் செலுத்தினார்கள். குடுவையிலிருந்து குடுவைக்கு, நம் வீட்டுத் தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, இருபது வருஷம் ஓட்டினார்கள். அத்தனை காலமும் அந்தப் புழு ஒரு குளவியைக்கூடப் பார்க்கவில்லை.

1987ல் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லையிலுள்ள கிரீன் டிரையாங்கிள் தோட்டங்களில் மரங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மூன்று வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேல். களைந்துவிடாமல் நெருக்கமாக விட்ட தோப்புகள், தளர்ந்துபோன கண்காணிப்பு என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் என்னை உறுத்தியது குடுவைப் புழுதான். ஒருகாலத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குளவிகளையும் மலடாக்கியது, இப்போது நாலில் ஒன்றைத்தான் தொட்டது. பூஞ்சை தின்பதில் குறையில்லை. வேட்டைதான் மறந்துவிட்டது. குடுவையில் பூஞ்சையை வேகமாகத் தின்று பெருகுவதுதானே ஜெயிக்கும்? யாரும் தப்பு செய்யவில்லை, யாரும் சோதித்துப் பார்க்கவுமில்லை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

1991ல் டாஸ்மேனியாவின் கமோனா காட்டுக்குத் திரும்பிப் போனார்கள். ஆரம்ப வருடங்களில் புழுவை விட்ட இடம் அது. அங்கே அது குளவிகளோடு மல்லுக்கட்டியபடி வீரியம் குறையாமல் இருந்தது. அதைப் பிடித்து வந்து புதிதாக வளர்த்தார்கள். இந்த முறை மூலப்புழுக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டார்கள்.