கர்ப்பப்பையில் முன்பு செய்த சிகிச்சைகளும் குழந்தைப்பேறும்

"கரு கலைந்தது, சுத்தம் செய்தார்கள்" என்று நம் வீடுகளில் ஒரே வரியில் முடித்துவிடும் விஷயம், சில வருடங்கள் கழித்து ஐ.வி.எஃப் சிகிச்சைக்குப் போகும்போது பெரிய கேள்வியாகத் திரும்பி வருகிறது.

கர்ப்பப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் உதிர்ந்து மீண்டும் வளர்கிறது. அதை வளரவைப்பது அடியிலுள்ள அடுக்கு. டி அண்ட் சி செய்யும்போது கருவி அந்த அடுக்கையும் சுரண்டிவிட்டால் அங்கே சவ்வு சரியாக வளராது. எதிரெதிர்ச் சுவர்கள் தழும்பால் ஒட்டிக்கொள்ளும். 1948ல் இதை விவரித்த மருத்துவர் ஜோசப் ஆஷர்மனின் பெயரால் 'ஆஷர்மன் சிண்ட்ரோம்' என்பார்கள். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயும் இதே பாதிப்பை உண்டாக்கும். ஒருமுறை டி அண்ட் சி செய்த எல்லோருக்கும் இது வருவதில்லை. திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கே ஆபத்து அதிகம். அதன்பின் மாதவிடாய் வெகுவாகக் குறைந்திருந்தால் அலட்சியம் வேண்டாம்.

கரு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பதிய இடம் வேண்டுமல்லவா? சவ்வின் தடிமன் 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் வெற்றி வாய்ப்பு குறைகிறது. ஹிஸ்டரோஸ்கோபி மூலம் ஒட்டுகளைப் பிரிக்கலாம் என்றாலும், கடுமையானவை மீண்டும் ஒட்டக்கூடும். எனவே கரு கலைந்தால், மாத்திரையோ உறிஞ்சி எடுக்கும் முறையோ போதுமா என்று முதலிலேயே கேளுங்கள். கருக்கலைப்பில் சுரண்டும் முறையைக் கைவிட்டு இவற்றுக்கு மாறும்படி உலக சுகாதார நிறுவனம் 2012லேயே சொல்லிவிட்டது.

"முதல் பிள்ளை பிறந்ததே, இப்போது என்ன குறை?" என்று மருமகளைக் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை சிசேரியனில் பிறந்திருந்தால், தையல் போட்ட இடத்தில் சிலருக்குக் குழி விழுந்து, அதில் இரத்தமும் நீரும் தேங்கும். அது கரு பதிவதைக் கெடுக்கலாம். ஸ்கேனில் தெரியும்.

ஃபைப்ராய்டு கட்டி உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அகற்றுவது நல்லது. வெளிப்புறச் சுவரில் இருப்பதைக் கருத்தரிப்பதற்காக அகற்றத் தேவை பெரும்பாலும் இல்லை.

ஐ.வி.எஃப்புக்கு முன் சவ்வை லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாகப் பதியும் என்று பணம் வாங்குவோரும் இருக்கிறார்கள். 1,364 பெண்களிடம் செய்து 2019ல் வெளியான ஆய்வில், கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றுதான்: 26.1 சதவீதம்.

நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கர்ப்பப்பை மிகவும் கெட்டுவிட்டால் மருத்துவர்கள் வாடகைத் தாயைச் சொல்வார்கள். கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் ஐ.வி.எஃப்பை அனுமதித்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1986ல் அம்மானில் எடுத்த அதே தீர்மானத்தில் வாடகைத் தாயைத் தடுத்துவிட்டது. ஆகவே இருக்கும் கர்ப்பப்பையைப் பாதுகாப்பதே நமக்குள்ள வழி.

பழைய கருச்சிதைவை, முந்தைய நிகாஹில் நடந்ததை, மாமியார் முன்னால் சொல்லக் கூசிப் பல பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொல்வது குறையைப் பரப்புவது ஆகாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். தொலைந்திருந்தால் சிகிச்சை செய்த மருத்துவமனையில் நகல் கேளுங்கள்.