பீங்கானில் படிந்த கறுப்பு

1840, செப்டம்பர். பிரான்ஸின் த்யூல் நகரத்து நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. பாரிஸிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வந்தவர்களால் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் புதைத்த ஒரு மனிதனின் உடலுறுப்புகளை நீதிமன்றத்தின் அருகிலேயே அடுப்பு மூட்டிக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

இறந்தவர் ஷார்ல் லஃபார்ஜ். குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அவருடைய மனைவி மரி. வயது 24.

கல்யாணம் தரகர் மூலம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மாளிகை உண்டு, இரும்பாலை உண்டு என்று சொல்லித்தான் 1839 ஆகஸ்டில் மரியைக் கட்டிவைத்தார்கள். பாரிஸில் வளர்ந்த பெண் லெ க்லாந்தியே என்ற அந்த இடத்துக்கு வந்து இறங்கிப் பார்த்தால், மாளிகை என்றது ஈரம் கசியும் பழைய துறவி மடம். கணவருக்குக் கழுத்துவரை கடன். எங்கு பார்த்தாலும் எலி. வந்த அன்று இரவே மரி அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: என்னை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பாஷாணம் தின்று செத்துப்போவேன். தரகு பேசி முடிக்கும் கல்யாணங்களில் நடக்கும் தகிடுதத்தம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பது ஓர் ஆறுதல்!

பிறகு சமாதானம் ஆயிற்று. டிசம்பரில் ஷார்ல் பணம் புரட்டப் பாரிஸ் போனார். ஊரிலிருந்து மரி அவருக்குக் கேக் அனுப்பினார். தின்றவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. வழியில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மீதியைத் தூக்கியெறிந்துவிட்டார். இந்த வழக்கில் முதல் தடயம் போன இடம் குப்பைதான்.

1840 ஜனவரி 3 அன்று ஷார்ல் வீடு திரும்பினார். மறுபடியும் படுக்கை. மருத்துவர் பார்த்துவிட்டுக் காலரா மாதிரி இருக்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக், உள்ளே போனால் வாந்திபேதியின் அத்தனை அறிகுறியும் வரும். நிறமில்லை, மணமில்லை, சூடான பாலில் கலந்தால் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருந்த செல்லப்பெயர் ‘வாரிசுப் பொடி’. சொத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத வாரிசுகள் வாங்கும் பொடி என்று பொருள். காலரா ஊரெல்லாம் சுற்றிய காலத்தில் இதைவிட வசதியான விஷம் வேறில்லை.

அந்த வீட்டில் அன்னா ப்ரூன் என்ற பெண் தங்கியிருந்தார். படம் வரைபவர். கணவருக்காகக் கலக்கிய முட்டைப்பாலில் மரி ஏதோ வெள்ளைப் பொடியைப் போடுவதை அவர் பார்த்துவிட்டார். கேட்டதற்குச் சர்க்கரை என்று பதில் வந்தது. அன்னா வாதாடவில்லை. ஷார்லுக்குக் கொடுத்த உணவில் மிச்சம் கிடைத்ததையெல்லாம் எடுத்துத் தனியே பத்திரப்படுத்தினார். இந்தக் கதையில் தடயத்தைத் தடயமாக மதித்த முதல் ஆள், விஞ்ஞானமே படிக்காத இந்தப் பெண்தான் என்பேன்.

ஜனவரி 14 அன்று ஷார்ல் இறந்தார். எலித்தொல்லை என்று சொல்லி மரி பாஷாணம் வாங்கியிருந்தது தெரியவந்தது. எலிக்கு வைத்த உருண்டைகளைத் தேடி எடுத்துச் சோதித்தார்கள். எலிகள் தொடக்கூட இல்லை. அதில் இருந்தது வெறும் சோடா உப்பு! அப்படியானால் வாங்கிய பாஷாணம் எங்கே போயிற்று?

அதற்குப் பதில் தேடும் முன் ஏழு வருடம் பின்னால், இங்கிலாந்துக்குப் போய்விட்டு வருவோம். 1833-இல் ப்ளம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு கிழவர் காலைக் காப்பி குடித்துச் செத்தார். பேரன் மேல் சந்தேகம். வூல்விச் ராணுவத் தளவாடக் கிடங்கில் ரசாயனம் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷை அழைத்தார்கள். மைக்கேல் ஃபாரடேயிடம் உதவியாளராக வாரத்துக்கு 30 ஷில்லிங் கூலி வாங்கியவர் இவர். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை அவர் மாதிரிக்குள் செலுத்தினார். அடியில் மஞ்சள் வண்டல் படிந்தது. பாஷாணமும் கந்தகமும் சேர்ந்த அந்த மஞ்சள் வேறொன்றும் இல்லை, நம் கூத்துக்காரர்கள் ஒரு காலத்தில் முகத்தில் பூசிக்கொண்ட அரிதாரம்தான்.

வழக்கு மெய்ட்ஸ்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது அந்த மஞ்சள் நிறம் கெட்டுப்போயிருந்தது. ஜூரிகள் நம்பவில்லை, பேரன் விடுதலை. பின்னாளில் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். மார்ஷுக்கு இது பெரிய அவமானம். ஜூரி கண்ணாலேயே பார்க்கும்படி ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்து, 1836-இல் தன் சோதனையை வெளியிட்டார்.

செய்முறை எளிது. வளைந்த கண்ணாடிக் குழாயில் துத்தநாகத் துண்டும் கந்தக அமிலமும் போட்டால் ஹைட்ரஜன் வரும். சந்தேகப்படும் பொருளை அதில் சேர்க்க வேண்டும். பாஷாணம் இருந்தால் அது ஹைட்ரஜனோடு கூடி ஆர்சின் என்ற வாயுவாக வெளியேறும். குழாய் முனையில் வாயுவைப் பற்றவைத்துக் குளிர்ந்த பீங்கான் தட்டைக் காட்டினால், விளக்குச் சுடரில் தட்டைக் காட்டிக் கண்மை பிடிப்பார்களே, அந்த மாதிரி பளபளவென்று ஒரு கறுப்பு படியும். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு பாஷாணம் இருந்தாலே போதும்.

எளிது என்றேன், ஏமாற்றும் என்றும் சொல்ல வேண்டும். சதைத்துணுக்குகள் கலந்திருந்தால் குழாய்க்குள் நுரை பொங்கும். வாந்தி மருந்தாக அன்று தாராளமாகக் கொடுத்த ஆன்டிமனி உப்பும் ஏறக்குறைய இதே கறுப்பைத் தரும். இதையெல்லாம்விடப் பெரிய வம்பு, துத்தநாகத்திலும் அமிலத்திலுமே பாஷாணம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது. அப்புறம் செத்தவர் வயிற்றில் இருந்ததா, மருந்துக்கடைப் புட்டியில் இருந்ததா என்று யார் சொல்வது?

இனி த்யூலுக்குத் திரும்பலாம். முதலில் ப்ரீவ் நகரத்து மருத்துவர்கள் பழைய முறையில் சோதித்தார்கள். குழாய் வெடித்துச் சிதறியது. ஆனாலும் விஷம் உண்டு என்று எழுதிக்கொடுத்தார்கள். மரியின் வழக்கறிஞர் பையே நேரே மாத்தியூ ஓர்ஃபிலாவிடம் போனார். மினோர்க்கா தீவில் பிறந்து பாரிஸ் மருத்துவப் பள்ளியின் தலைவராக உயர்ந்தவர் ஓர்ஃபிலா, நஞ்சியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர். ப்ரீவ் சோதனை எதற்கும் உதவாது என்று எழுதித் தந்தார்.

அடுத்து லிமோஜ் நகரத்து மருந்தாளர்கள் வந்தார்கள். மார்ஷ் கருவியை வைத்து வயிற்றைச் சோதித்தார்கள்: பாஷாணம் இல்லை. கூண்டிலிருந்த மரி முகத்தில் வெளிச்சம். அரசுத் தரப்பும் ஓர்ஃபிலாவின் புத்தகத்தைப் புரட்டிற்று. வயிற்றை விட்டு நகர்ந்த விஷம் ஈரல் போன்ற உறுப்புகளில் தங்கியிருக்கும் என்று அதில் இருந்தது. சவப்பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். தொடக்கத்தில் சொன்ன நாற்றம் அதனால்தான். மறுபடியும் இல்லை என்றே முடிவு வந்தது. கடைசியில், அன்னா ப்ரூன் பத்திரப்படுத்திய உணவைச் சோதித்தார்கள். முட்டைப்பாலில் மட்டும் பத்துப் பேரைக் கொல்லும் அளவு பாஷாணம்!

உணவில் இருக்கிறது, தின்றவர் உடம்பில் இல்லை. நீதிபதிகள் குழம்பிப்போய் ஓர்ஃபிலாவையே வரச்சொன்னார்கள். தன் துருப்புச்சீட்டு தனக்கே எதிராகத் திரும்பியதைப் பையே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஓர்ஃபிலா செய்ததைக் கவனிக்க வேண்டும். லிமோஜ்காரர்கள் பயன்படுத்திய அதே ரசாயனங்களை எடுத்துக்கொண்டார். அவர்களையே பக்கத்தில் நிற்கவைத்தார். சதையையும் ஈரலையும் முதலில் கருக்கி, நுரைக்கு இடமில்லாமல் செய்தார். கறுப்பு படிந்தது. அதோடு நிறுத்தவில்லை. ரசாயனங்களை மட்டும் தனியாகச் சோதித்தார், தட்டு சுத்தம். சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணைச் சோதித்தார், அதுவும் சுத்தம். இன்னொரு முள்ளும் இருந்தது. மனித எலும்பில் இயல்பாகவே பாஷாணம் உண்டு என்று அதற்குச் சற்று முன்னால் அறிவித்தவர் இவரேதான். அதனால் இது எலும்பிலிருந்து வந்ததல்ல, சதையிலிருந்து வந்தது என்று நீதிமன்றத்தில் விளக்க வேண்டியிருந்தது. அந்த எலும்புக் கதை தவறு என்று அடுத்த வருடமே தெரிந்துபோயிற்று.

கறை படிந்த தட்டைப் பார்த்து உலகம் வியந்தது. எனக்கு அந்தக் கறை படியாத இரண்டு தட்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கறுப்பை மார்ஷே காட்டிவிட்டார். அது எங்கிருந்து வரவில்லை என்று காட்டியவர் ஓர்ஃபிலா.

பையே பதறிப்போய் ஓர்ஃபிலாவின் எதிரியான ரஸ்பாய் என்ற ரசாயன அறிஞரை வரவழைக்க ஆள் அனுப்பினார். செப்டம்பர் 19 அன்று தீர்ப்பு வந்தது: ஆயுள் முழுக்கக் கடும் உழைப்புத் தண்டனை. ரஸ்பாய் ஊருக்குள் நுழைந்தது தீர்ப்புக்கு நான்கு மணி நேரம் கழித்து. ஓர்ஃபிலாவின் துத்தநாகமே சுத்தமில்லை என்று அவர் பிற்பாடு எழுதித் தீர்த்தார். பாதிப் பிரான்ஸ் மரி பக்கம், பாதி எதிர்ப்பக்கம் என்று சண்டை ஓய வெகுகாலம் ஆயிற்று. சந்தேகத்தின் பலனை மரிக்குத் தருகிறவர்கள் இன்றும் உண்டு. உணவில் இருந்த பாஷாணத்தையும் எலி உருண்டையில் இருந்த சோடா உப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தாராளம் வரவில்லை.

மன்னர் லூயி பிலிப் கடும் உழைப்பை நீக்கினார். சிறைவாசத்தில் 12 ஆண்டுகள் கழிந்தன. காசநோயோடு 1852 ஜூனில் வெளியே வந்த மரி, அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மார்ஷ் அதற்கும் முன்பே, 1846-இல், குடும்பத்தை வறுமையில் விட்டுப் போய்ச்சேர்ந்திருந்தார்.

நம் ஊரில் இன்றும் விஷச்சாவு என்று சந்தேகம் வந்தால், பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை உப்புக் கரைசலில் இட்டு, புட்டிகளை முத்திரையிட்டு அனுப்புவார். புதைத்த உடலைத் தோண்டினால் சுற்றியுள்ள மண்ணும் போகும். அவற்றோடு இன்னொரு புட்டியும் போகும். அதில் உறுப்பு எதுவும் இருக்காது, வெறும் உப்புத் தண்ணீர் மட்டுமே இருக்கும்.

அந்தப் புட்டிகளைத் திறந்து பார்க்க இந்தியாவில் முதல் ஆய்வுக்கூடம் அமைந்தது சென்னையில், 1849-இல். அடுத்த வாரம் அங்கே போகலாம்.