நீலியிடம் பாடம்

இம்மலரின் குழுவினர் கதை மரபைப் பற்றி எழுதப் பணித்தார்கள். ஆலங்காட்டப்பன் திருவருளால் பேய்க்கதையைத் தேர்ந்தேன். பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரை ஈசனே ‘அம்மையே’ என்றழைத்த சமயம் நமது. பேயைப் பேச நமக்கென்ன கூச்சம்?

ஆலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதை எல்லோரும் அறிந்ததே: ஒரு வணிகனைப் பழிவாங்க வந்த பேய் அவள். திருஞானசம்பந்தப் பெருமான் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே அவளது வஞ்சனையைச் சுட்டுகிறார். நான் வியப்பது ஓர் இடத்தை. நீலி கோரைப்பல்லோடு வரவில்லை. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட மனைவியாகப் பஞ்சாயத்துக்கு வருகிறாள். பிள்ளை வணிகனிடம் ஓடி அப்பா என்கிறது. குழந்தை பொய் சொல்லுமா? அவன் கையில் வாளிருக்கிறது, எனக்குப் பயமாயிருக்கிறது என்கிறாள் அவள். நியாயமான பேச்சு! சபையின் எழுபது வேளாளரும் வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வணிகனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். பேய் யாரென்று நமக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது. அவர்கள் அறம் செய்யச் செய்ய நமக்கு வயிற்றைப் பிசைகிறது. நீலி வணிகனைக் கொன்றபின் எழுபதின்மரும் வாக்குத் தவறாமல் தீப்பாய்ந்ததால்தான் கதை ஊர் வரலாறாயிற்று. சொன்ன சொல்லுக்கு உயிர் கொடுத்த குடி, தமிழ்க்குடி!

மணிமேகலை பாடிய சாத்தனாரும் பேய் வருமுன்பே நடுக்கத்தை வளர்க்கும் சூட்சுமம் அறிந்தவர். அக்காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டத்தில் பேய்க்கு முன்னால் வாகை, விளா, வன்னி, இலந்தை என்று மரங்களைக் காட்டி, எது எவர் மன்றம் என்று சுடுகாட்டுக்கே வரைபடம் போட்டுவிடுகிறார். அதன் பிறகே தனியே வரும் சார்ங்கலன் பேயின் கூத்தைக் கண்டு மாள்கிறான். பேய் உயிருண்ணாது என்று சம்பாபதித் தெய்வம் அவன் தாய்க்குச் சொல்வதைப் படித்தும் நம் நடுக்கம் தீர்வதில்லை.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் நடுக்கத்தை வளர்க்கும் வேலையை ஒரு வாடை செய்கிறது. ஐயப்படுகிறவனே கதை சொல்வதால் நம்மால் ஐயப்பட முடிவதில்லை.

நாம் வாழும் நியூசிலாந்தின் விரியிலும் பேய்க்கு இடமுண்டு. அங்குள்ள எரிமலையின் பெரும்பகுதியைக் கற்குவாரி தின்றுவிட்டாலும் தீக்குழம்பு ஓடிய குகை பூமிக்கடியில் இருக்கிறது. இம்மண்ணின் மாவோரி மக்கள் இடுகாட்டைவிட்டு வெளியே வருகையில் கைகளை நீரால் நனைத்துக்கொள்கிறார்கள், நாம் தலைமுழுகுகிறோம்.

பெற்றோரே, நீலியை வெட்டிச் சுருக்காமல் தமிழிலேயே சொல்லுங்கள். வாளைக் கேட்டு வாங்கும் இடத்தில் நிறுத்தி, அந்தச் சபையில் நீ இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பாய் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை விளக்கைப் போடாதீர்கள்.