அணுவுலை விபத்துகளில் கதிரியக்க வெளியேற்றம்

கடும் அணுவுலை விபத்தில் எரிபொருள் உருகும்போது, பிளவுப் பொருள்கள் ஆவியாகும் தன்மைக்கேற்ப வெளியேறுகின்றன. எதனுடனும் எளிதில் வினைபுரியாத செனான், கிரிப்டான் வாயுக்கள் முதலில் கசியும். அயோடினும் சீசியமும் அடுத்து வெளிவரும். புளூட்டோனியம் பெரும்பாலும் எரிபொருளிலேயே தங்கிவிடும்.

அயோடினின் போக்கைத் தீர்மானிப்பதில் நீருக்குப் பெரும்பங்கு உண்டு. சீசியம் அயோடைடு நீரில் கரைந்து அயோடைடு அயனியைத் தரும். நீர் காரத்தன்மையுடன் இருந்தால் அது அங்கேயே நிற்கும். அமிலமானால் கதிர்வீச்சின் விளைவாக ஆவியாகும் அயோடினாக மாறிக் காற்றில் கலக்கும். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 ஆண்டு.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில், மிகையாகச் சூடேறிய சிர்கோனியக் கலவை எரிபொருள் உறைகள் நீராவியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கின. அது வெடித்து உலைக் கட்டடங்களைச் சிதைத்தது.

மலேசியாவைப் பொறுத்தவரை, அதன் ஒரே அணுவுலை சிலாங்கூர் மாநிலத்தில், பாங்கியில் உள்ளது. 'ட்ரிகா புஸ்பாத்தி' எனப்படும் இந்த ஆய்வு உலையில் 1982 ஜூன் 28 அன்று தொடர்வினை முதன்முதலாக நிலைபெற்றது. இதன் வெப்பத்திறன் 1 மெகாவாட். இதன் யுரேனியம்-சிர்கோனியம் ஹைட்ரைடு எரிபொருள் சூடேறினால், தொடர்வினை தானே தணியும். இவ்வுலையில் மின்சாரம் உற்பத்தி செய்யப்படுவதில்லை.