பங்கைப் பிரித்தால் பணம் பெருகுமா? பிரபலத்தின் பெயரை நம்பி முதலீடு செய்யும் முன்

திருவட்டாறு, குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் தோட்டம் உள்ள குடும்பங்களுக்கு எம்ஆர்எஃப் என்ற பெயர் புதிதல்ல. நாம் பால் வெட்டி, உறைய வைத்து, ஷீட் அடித்து, காயப்போட்டுக் கடையில் கொடுக்கும் ரப்பரில் பெரும்பகுதி கடைசியில் டயர் கம்பெனிகளுக்குத்தான் போகிறது. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்ஆர்எஃப் நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கு, 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்போது பலரும் கேட்ட கேள்வி இது: "இதைப் பிரித்துப் பத்தாயிரத்துக்கு விட்டால் நம்மைப் போன்றவர்களும் வாங்கலாமே, ஏன் பிரிக்கவில்லை?"

அந்த நிறுவனம் இதுவரை தன் பங்கைப் பிரித்ததில்லை. சுமார் 42 லட்சம் பங்குகள்தான் மொத்தமே. ஒவ்வொன்றின் முகமதிப்பு 10 ரூபாய். நாளை அதை 1 ரூபாய் முகமதிப்பாகப் பிரித்தால் பங்குகள் 4 கோடியே 24 லட்சம் ஆகும். ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு பத்தாயிர ரூபாய்ப் பங்காக மாறும். வைத்திருப்பவரிடம் ஒன்றுக்குப் பதில் பத்து இருக்கும். ஆலையும் அதேதான், லாபமும் அதேதான், கடனும் அதேதான்.

ஐம்பது சென்ட் ரப்பர் தோட்டத்தைப் பத்துப் பத்து சென்டாக ஐந்து ஆதாரமாக எழுதிவிட்டால் மரம் கூடிவிடாது, பாலும் கூடாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பது சென்ட் வாங்கப் பணமில்லாதவர் பத்து சென்ட் வாங்க வருவார். ஆள் கூடும்போது விலையும் கொஞ்சம் கூடலாம். பங்குகளைப் பிரிக்கும் நிறுவனங்கள் சொல்லும் காரணமும் இதுதான். நம் நாட்டுச் சந்தையில் அரைப் பங்கு, கால் பங்கு என்று வாங்க முடியாது. எனவே சிறு முதலீட்டாளருக்கு வழி திறக்கிறது. அது நியாயமான காரணம். பிரிப்பு அறிவிப்பு வந்ததுமே "இது ஏறப்போகிறது" என்று கடன் வாங்கிப் போடுவது வேறு விஷயம்.

ஐஆர்சிடிசி விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ரயில் டிக்கெட் விற்கும் இந்த அரசு நிறுவனம் 2019 அக்டோபரில் 320 ரூபாய்க்குப் பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில், 10 ரூபாய்ப் பங்கை 2 ரூபாயாகப் பிரிப்பதாக அறிவித்தது. அதன்பின் விலை ஓட்டமாக ஓடி அக்டோபர் 19 அன்று 6,000 ரூபாயைத் தாண்டி, அங்கிருந்து வேகமாகச் சரிந்தது. அக்டோபர் 28 அன்று பிரிப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றும் மகிழ்ச்சியாக ஏறியது. அன்று மாலையே, டிக்கெட் முன்பதிவுக் கட்டணத்தில் பாதியை ரயில்வே அமைச்சகத்துக்குத் தர வேண்டும் என்ற செய்தி வந்தது. மறுநாள் காலை பங்கு கால் பங்குக்கு மேல் விழுந்தது. சில மணி நேரத்தில் அரசு முடிவைத் திரும்பப் பெற, விழுந்ததில் பெரும்பகுதி மீண்டது. காலையில் பயந்து விற்றவருக்கு மட்டும் மீளவில்லை. பங்கின் மதிப்பைத் தீர்மானித்தது டிக்கெட் கட்டணம் யாருக்குப் போகிறது என்பதுதான். ஒன்று ஐந்தானது அல்ல.

அமெரிக்காவில் டெஸ்லா 2020 ஆகஸ்ட் 11 அன்று ஒன்றுக்கு ஐந்து பிரிப்பை அறிவித்தது. மாத முடிவில் அது நடைமுறைக்கு வந்த நாளின் முடிவுக்குள் பங்கு சுமார் 80 சதவீதம் ஏறியது. அந்த மூன்று வாரத்தில் கம்பெனி விற்ற கார்கள் அப்படிக் கூடிவிடவில்லை. செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 21 சதவீதம் விழுந்தது. அதே டெஸ்லாவைப் பெருமளவில் வைத்திருந்த கேத்தி வுட் என்ற நிதி மேலாளர் அந்த ஆண்டு உலகப் புகழ் பெற்றார். அவருடைய ஆர்க் இன்னோவேஷன் நிதி 2020இல் சுமார் 150 சதவீதம் ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் மக்கள் பணம் வெள்ளமாக வந்தது. அதாவது, உச்சத்தை ஒட்டி வந்தது. 2022இல் அந்த நிதி மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. 2020இன் தொடக்கத்திலேயே இருந்தவரின் கதை வேறு, செய்தியைப் பார்த்து 2021இல் நுழைந்தவரின் கதை வேறு. நாம் எப்போதும் இரண்டாமவர்தான். புகழ் நம் காதுக்கு வந்து சேரும்போது லாபம் ஏற்கெனவே யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தியாவில் இந்த இடத்தில் இருந்தவர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா. 2022 ஆகஸ்ட் 14 அன்று மறைந்தார். அவர் பெயரைச் சொன்னாலே டைட்டன் நினைவுக்கு வரும். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் கடிகாரம் செய்த நிறுவனம் அது. 2011இல் டைட்டன் 10 ரூபாய்ப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்து, கூடவே ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தது. ஒரு பங்கு இருபதானது. "இருபது மடங்கு" என்று இன்றும் சிலர் சொல்வது இந்த எண்ணிக்கையைத்தான். அவருக்குச் செல்வம் சேர்ந்தது, அதற்கு எட்டு ஒன்பது வருடம் முன்பே மலிவாக வாங்கி, இருபது வருடம் விற்காமல் பெரும்பகுதியை வைத்திருந்ததால்.

அவரைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அவரது பொறுமை தெரியாது, வாங்கிய விலையும் தெரியாது. ஒரு நிறுவனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவரின் பெயர் காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகும். அதைப் பார்த்து நாம் ஓடும்போது அவர் வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்கலாம். எப்போது விற்பார் என்று நமக்குச் சொல்லப்போவதில்லை. திவாலான டிஎச்எஃப்எல் பங்கும் அவரிடம் இருந்தது. வட்டிக்கு வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனம் என்பதால் நமக்கு அது முதலிலேயே ஆகாது; அது தனி. 2021இல் அந்தப் பங்குகள் மதிப்பின்றி ரத்தாயின. ஆயிரம் கோடிகளில் ஒன்று போனால் அவருக்கு ஒரு வரி. ஓமனிலோ தம்மாமிலோ வேலை பார்த்து மாதாமாதம் அனுப்பிய பணம் போனால் இங்கே கட்டிக்கொண்டிருக்கும் வீடு லிண்டல் மட்டத்திலேயே நிற்கும். ஆப்டெக் பங்கில் உள்தகவல் வணிகம் குறித்த வழக்கில் அவர் 2021 ஜூலையில் செபியிடம் பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டார் என்பதையும் சேர்த்து அறிந்து வைப்பது நல்லது.

மார்க்க அடிப்படையில் இதில் இன்னொரு கதவு இருக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல் அடுத்தவரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்பது நஜ்ஷ். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தது புகாரி, முஸ்லிம் இரு தொகுப்பிலும் உள்ளது. சந்தை ஓரத்தில் ஏலம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இன்று அந்த ஏலம் யூடியூபில் நடக்கிறது. சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்று பொய்யான வீடியோக்கள் வந்தன. அவற்றைப் பார்த்துச் சிறு முதலீட்டாளர்கள் குவிந்தபோது, முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் விற்று வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் செபி உத்தரவு போட்டுப் பலரைச் சந்தையிலிருந்து தடுத்தது. அதில் ஓர் இந்தி நடிகரும் இருந்தார். அத்தகைய வீடியோவை உண்மையா என்று பாராமல் ஜமாஅத் குழுவில் "பகிருங்கள்" என்று போடுபவர், தெரியாமலேயே அந்த ஏலத்தில் ஒரு குரலாகிறார்.

பெயரை நம்புவதில் நம் சமுதாயத்துக்கே உரிய காயம் ஒன்று உண்டு. பெங்களூரின் ஐஎம்ஏ நிறுவனம் வட்டியில்லா ஹலால் முதலீடு என்று சொல்லித்தான் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் வாங்கியது. அதன் தலைவர் மன்சூர் கான் சிவாஜிநகரில் அரசுப் பள்ளிக்குப் பெரும் உதவி செய்தவர், மார்க்கத் தோற்றம் உள்ளவர். 2019 ஜூனில் நாட்டை விட்டுப் போனார். ஜூலையில் திரும்பியபோது டெல்லி விமான நிலையத்தில் கைதானார். விதவைகளின் பணம், குமர்களின் கல்யாணப் பணம் எல்லாம் அதில் சிக்கியது. நம் மாவட்டத்தில் 2017இல் மத்தம்பாலை நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடியபோது எல்லா சமுதாயத்தவரும் வாசலில் நின்றார்கள். அங்கே ஈர்த்தது வட்டி. பெங்களூரில் ஈர்த்தது தாடி. இப்படி எழுத வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் தொழில்: டயர் செய்வது ஆகுமானது, மது, வட்டி வங்கி, சூது ஆகாது. அடுத்து கடன். பஹ்ரைனில் உள்ள ஆயோஃபி அமைப்பின் வரையறையில் வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகாத வருமானம் 5 சதவீதத்துக்குள். இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பிரிப்புச் செய்தியில் பங்கு விலை வீங்கினால் சந்தை மதிப்பும் வீங்கும். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே விகிதம் குறைந்தது போலத் தெரியும். இந்தியாவின் டாசிஸ் நிறுவனம் கடனை மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டு 25 சதவீத வரம்பு வைக்கிறது. இந்த ஆட்டத்தில் அது கொஞ்சம் உறுதியான அளவுகோல் என்று நமக்குத் தோன்றுகிறது. தனிப் பங்கைத் தேட நேரமில்லாதவர்களுக்கு டாடா எதிக்கல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டைப் பின்பற்றும் ஷரீஆ பீஸ் போன்றவை உள்ளன. அவையும் விழும். பரிந்துரையாக அல்ல, இருக்கின்றன என்ற தகவலாகச் சொல்கிறோம்.

வீட்டில் ஏற்கெனவே பங்கு இருந்து அது பிரிகிறது என்றால் சில நடைமுறைகள். பிரிப்பு நாள் காலையில் செல்போன் செயலியில் 80, 90 சதவீத நஷ்டம் என்று சிவப்பாகக் காட்டலாம். புதிய பங்குகள் கணக்கில் ஏறும்வரைதான் அது, பதறி விற்காதீர்கள். பிரிப்புக்கு வருமான வரி இல்லை. வாங்கிய விலை பங்குகளுக்கிடையே பகிரப்படும். போனஸ் பங்குக்கு மட்டும் அடக்கவிலை பூஜ்யம். "100 சதவீத டிவிடெண்ட்" என்பது முகமதிப்பின் மேல். 10 ரூபாய்ப் பங்குக்குப் பத்து ரூபாய், 1 ரூபாய்ப் பங்குக்கு ஒரு ரூபாய்தான். ஸகாத்துக்கும் எண்ணிக்கை கணக்கில்லை. விற்று லாபம் பார்க்க வைத்திருப்பவர் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் கொடுப்பார். நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு எதன் மேல் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

வாரிசுரிமையில் மட்டும் பிரிப்பு உண்மையிலேயே உதவும். பிள்ளைகள் உள்ள ஒருவர் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. ஒரே ஒரு லட்ச ரூபாய்ப் பங்கை எட்டாக வெட்ட முடியாது, விற்றுத்தான் பங்கிட வேண்டும். சிறு பங்குகளாக இருந்தால் அப்படியே எண்ணிக் கொடுக்கலாம். வாப்பா காலத்துக் காகிதப் பங்குப் பத்திரம் ஏதாவது அலமாரியில் இருந்தால் அதில் அச்சிட்ட எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இடையில் அது பிரிந்திருக்கலாம், போனஸ் சேர்ந்திருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பத்திரத்தை அப்படியே வேறொருவருக்கு விற்க முடியாது. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காதிருந்தால் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். உரிய வாரிசுகள் விண்ணப்பித்து அங்கிருந்து திரும்பப் பெறலாம். நிறுவனத்தின் பதிவாளர் அலுவலகத்துக்கு ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால் இன்றைய எண்ணிக்கை தெரிந்துவிடும்.