இரண்டு புக்கிட் மேரா

பாகான் செராய்க்காரர்களுக்கு புக்கிட் மேரா என்றால் ஏரிதான். கிரியான் நெல்வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம்; ரயில் அதன் நடுவே போகும். சின்ன வயதில் பெரியவர்கள், "புக்கிட் மேராவுல விஷ மண்ணு" என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, கொஞ்ச நாள் நான் ஏரி மீனையே தொடவில்லை. "டேய், அது ஈப்போ பக்கத்துல இருக்கிற புக்கிட் மேராடா" என்று மாமா சிரித்தார். ஈய லம்பத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒரு போத்தல் நிறைய கறுப்பு மணல் வைத்திருந்தார், கதவுக்கு முட்டுக்கொடுக்க. அதன் பெயர் அமாங்.

ஈயத்தாதுவைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணல்தான் அமாங். இல்மனைட், சிர்க்கானோடு மோனசைட், செனோடைம் என்ற இரண்டு பாஸ்பேட் கனிமங்களும் அதில் உண்டு. செனோடைம்தான் இரண்டில் அரிது, இட்ரியம் தருவது. மோனசைட் தேன் நிறம், தண்ணீரைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கனம். கருங்கல் பாறை சிதைந்தாலும் அது லேசில் கரையாது. அடித்து வரப்பட்டு ஈயத்தோடு படுகையில் தங்கிவிடும். சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கூடவே கதிர்வீசும் தோரியமும்.

1829-இல் பிரைட்ஹாப்ட் 'தனித்திருத்தல்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். நம்மைப் பொறுத்தவரை அது தனித்திருக்கவில்லை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளத் தொடங்கினார்கள். உலகமெங்கும் கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

பேராக்கில் கதை வேறு மாதிரி போனது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கு அதில் பங்கு. அமாங்கிலிருந்து வந்த மோனசைட்டில் அருமண் தனிமங்களைப் பிரித்தார்கள். தோரியக் கழிவு மிஞ்சியது. அதைப் பாப்பானில் புதைக்கத் திட்டமிட்டபோது ஊரே எதிர்த்தது. 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். 1987 அக்டோபர் கைது நடவடிக்கையில் அவரும் பிடிபட்டார். 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது. கழிவு கிளெடாங் மலைத்தொடரில் புதைந்திருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள் 1405 கோடி ஆண்டு.

பால்மரத்தைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். லம்பத்தில் நின்ற நம் ஆட்களைப் பற்றியும் அந்த மணலைப் பற்றியும் நான் படித்தது மிகக் குறைவு. கேட்டு எழுதலாம் என்று இருந்தேன். மாமா போய்விட்டார்.

போன வருஷம் போத்தலைத் தேடினேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டதாக அத்தை சொன்னார். எந்த இடத்தில் என்றேன்.

"மண்ணுதானேப்பா. யாரு ஞாபகம் வச்சிக்கிறா?"