விளக்கடியில் வீழ்ந்த தேனீக்கள்

2008-ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் ஜான் ஹாஃபர்னிக், தாம் பிடித்துவந்த கும்பிடுபூச்சிக்கு இரை தேடினார். துறைக் கட்டடத்தின் வாயில் விளக்குகளுக்குக் கீழே தேனீக்கள் வீழ்ந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு குப்பியில் இட்டு, மேசைமேல் வைத்து மறந்துபோனார். பின்னர் நோக்கியபோது, தேனீக்களைச் சூழப் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் கிடந்தன. யாருடைய குஞ்சுகள் இவை?

அவற்றிலிருந்து வெளிவந்தவை கூன்முதுகுடைய சிற்றீக்கள். லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரையன் பிரவுன், ஃபோரிட் என்னும் அவ்வீக் குடும்பத்தில் துறைபோகியவர். அவர் இதனை அபோசெபாலஸ் போரியாலிஸ் என்று இனங்கண்டார். 1924-இலேயே சார்லஸ் புரூஸ் பெயரிட்டுவிட்ட ஈ அது. 1901-இல் காக்விலெட் வகுத்த அப்பேரினத்தின் பெயருக்குத் 'தலையகற்றி' என்று பொருள் கொள்ளலாம். அதன் சில இனங்கள் எறும்பின் தலையையே வீழ்த்துபவை.

பெயர் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இவ்வீ அதுவரை பம்பிள் தேனீக்களிலும் குளவிகளிலும் வாழ்வதாகவே அறியப்பட்டிருந்தது. ஈயோ வட அமெரிக்க மண்ணுக்குரியது. தேனீயோ ஐரோப்பியர் கொணர்ந்தது, கலிபோர்னியாவுக்கு 1853-இல் தான் வந்து சேர்ந்தது. எனவே இது பழைய ஈயா, அதனை ஒத்த புதிய இனமா என்னும் ஐயம் எழுந்தது. ஒரே பாடலின் இரு சுவடிகளை ஒப்புநோக்குவார் போல, ஆய்வாளர்கள் தேனீயில் பிறந்த ஈக்களின் மரபணுவையும் பம்பிள் தேனீயில் பிறந்த ஈக்களின் மரபணுவையும் அருகருகே வைத்து நோக்கினர். இரண்டும் ஒன்றே. பழைய ஈ புதிய விருந்தோம்பியைக் கண்டுகொண்டது என்பது தெளிவாயிற்று.

ஆண்ட்ரூ கோர் முதலானோர் 2012 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை அதன் வாழ்வை விரித்துரைக்கிறது. பெண் ஈ தேனீயின் வயிற்றில் முட்டையிடுகிறது. நோயுற்ற தேனீ இரவில் கூட்டை நீங்கி, விளக்கொளியை நாடிச் சென்று, திசைதெரியாது தள்ளாடி மடிகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில், தலையும் மார்பும் இணையும் இடத்தைப் பிளந்து புழுக்கள் வெளிவருகின்றன. ஒரே தேனீயில் 13 வரை காணப்பட்டன. விரிகுடாப் பகுதியில் ஆராய்ந்த 31 இடங்களில் 24-இல் இவ்வீ இருந்தது.

2006 முதல் அமெரிக்கத் தேன்கூடுகள் காரணம் புலப்படாமல் வெறிச்சோடிய காலம் அது. ஆகவே அம்மறைவுக்கு இவ்வீயே காரணம் எனச் சிலர் முடிவு கட்ட விரைந்தனர். கட்டுரையோ அவ்வாறு நிறுவவில்லை. சிறகு சிதைக்கும் தீநுண்மியின் தடயம் ஈக்களிலும் கிடைத்தது என்றும், ஈ அதனைப் பரப்பக்கூடுமா என ஆராய வேண்டும் என்றுமே கூறி அமைந்தது. அந்த அடக்கத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

அவ்வாண்டே பொதுமக்களும் தம் வீட்டு விளக்கடியில் வீழும் தேனீக்களைச் சேகரிக்கும் திட்டம் தொடங்கியது. 2013-இல் நாட்டின் கிழக்குக் கோடியான வெர்மாண்ட் மாநிலத்திலும் இவ்வீ அகப்பட்டது. காலைதோறும் துடைப்பம் தள்ளிவிடும் குப்பையில் இத்தனை செய்தி கிடந்திருக்கிறது. அதனைப் படித்தறிய, பெயரிட்டுப் பேணிய ஒரு பழைய ஏடு தேவைப்பட்டது. 1924-இல் எவருக்கும் பயன்படாததாகத் தோன்றியிருக்கக்கூடிய ஒரு சிற்றீயின் விளக்கம், 84 ஆண்டுகளுக்குப் பின் ஒரு குப்பியின் புதிரை அவிழ்த்தது. 'இதனால் என்ன பயன்?' என்று நம் வகுப்பறைகளில் வினவும் மாணவருக்கு நாம் சொல்ல விரும்பும் விடை இதுவே.